கொறங்காடும் கோழிப்பண்ணையும்

நாட்டு மாடு வைத்திருக்கும் குடும்பம் ஓய்வில்லாமல் உழைக்கிறது, கறிக்கோழிப் பண்ணை போட்டவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொள்கிறார் என்றொரு நினைப்பு கோவை டவுன்காரர்களிடம் உண்டு. இரண்டு வகை வீட்டிலும் நாலு நாள் தங்கிப் பார்த்தவருக்குக் கதை தலைகீழ் என்று தெரியும்.

முதலில் மாட்டு வீடு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. கிணறு கைகொடுக்காத இந்தச் செம்மண்ணில் பழைய ஆட்கள் வெள்ளாமையோடு மல்லுக்கட்டாமல், நிலத்தில் ஒரு பகுதியைப் புல்லுக்கே விட்டார்கள். அதுதான் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே போக ஒரே ஒரு படல். காலையில் மாட்டையும் செம்மறியையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். கோடையில் புல் காய்ந்த பிறகும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளுக்கு ஆகாரமாகும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வேலியில் எங்கேனும் சந்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பகல் நேர வேலை.

வேலையின் கனமெல்லாம் விடியலிலும் பொழுது சாயும்போதும்தான். கட்டுத்தரையில் சாணி அள்ளுவது, சோளத்தட்டு போடுவது, பால் கறப்பது. காங்கயம் பசு கன்றை ஊட்டவிடாமல் மடி சுரக்காது. ஊட்டிய பிறகும் வேளைக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கிடைத்தால் பெரிது. அது வீட்டு மோருக்கும் நெய்க்கும் சரியாகப் போகும். இந்த மாட்டின் வரும்படி பாலில் இல்லை, கன்றில் இருக்கிறது. செவலையாகப் பிறக்கும் கன்று அரை வருடத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாகவே விட்டால் திமிலும் முன்னும் பின்னும் கறுக்கும். காயடித்த எருது வெளுத்துவிடும். இந்த நிற மாற்றத்தை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே, எதை இனத்துக்கு விடும் பூச்சிக்காளையாக நிறுத்துவது, எதை ரேக்ளாவுக்குப் பழக்குவது, எதைத் தள்ளுவது என்று வீடு பேசிக்கொண்டிருக்கும். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிய மாட்டுச் சந்தைக்கோ, பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் மாட்டுத் தாவணிக்கோ ஓட்டிப் போகும் முன்பு அப்பாரு ஒரு விலை சொல்வார், மகன் ஒரு விலை சொல்வார். அப்பத்தா குறுக்கே வந்து, “அந்த மயிலையைக் கொடுத்துப்போட்டா அப்பறம் கட்டுத்தரையில என்ன இருக்குதுங்க?” என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். சந்தையில் தரகரின் துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பல்லடம், உடுமலைப் பக்கம் வந்தால் மாடு இருந்த இடத்தில் கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகை நிற்கும். கிணறு வற்றி, பருத்தி கைவிட்டு, ஆட்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட காலத்தில், 1980களில் உடுமலையில் தொடங்கிய சுகுணா போன்ற கோழி நிறுவனங்கள் ஒப்பந்த வளர்ப்பு முறையைப் பரப்பின. குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையது. இடம், கொட்டகை, அதன் மேல் வாங்கிய கடன், தண்ணீர், கரண்ட் பில், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கோழி இரண்டு கிலோவைத் தாண்டும். லாரி வந்து ஏற்றிப் போகும். எடை, தின்ற தீவனம், செத்த எண்ணிக்கை மூன்றையும் கணக்குப் போட்டு வளர்ப்புக் கூலி தருவார்கள்.

குஞ்சு இறங்கும் ராத்திரியைப் பார்க்க வேண்டும். தேங்காய் நார்த்தூள் பரப்பி, அதன் மேல் செய்தித்தாள் விரித்து, தகரத்தால் வட்டம் கட்டி, அடுப்போ பல்போ வைத்துக் கொட்டகைக்குள் 33 டிகிரி சூட்டை நிறுத்த வேண்டும். சூடு குறைந்தால் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நடுவில் குமிந்துகொள்ளும், அடியில் அகப்பட்டவை மூச்சுமுட்டிச் சாகும். கூடினால் ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளக்கும். தெர்மாமீட்டர் தொங்கினாலும் அந்த வீட்டுப் பெண்கள் குஞ்சு படுத்திருக்கும் விதத்தைப் பார்த்தே படுதாவை ஏற்றி இறக்குவார்கள். முன்னிரவு கணவருக்கு, பின்னிரவு மனைவிக்கு. தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் கோழிகளைக் கொஞ்ச நேரம் தாகத்தில் வைத்து, பால் பவுடர் கலந்த நீரில் மருந்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். கோழி வளர்ந்த பிறகு பயம் இடம் மாறும்: சித்திரை வெயிலில் மத்தியானம் கரண்ட் போய் விசிறியும் நீர்த்தெளிப்பும் நின்றால், லாரி ஏற வேண்டிய கோழி கொத்துக்கொத்தாகச் சாயும்.

ஆகவே இந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பாதிக் குடும்பம்தான் போகும். முதல் நாள் சீருக்கு மனைவி, மறுநாள் முகூர்த்தத்துக்குக் கணவர். “ரெண்டு பேரும் ஒண்ணா வந்து எத்தனை நாளாச்சு” என்று சொந்தபந்தம் குறைப்பட்டுக்கொள்ளும். கொறங்காட்டு வீட்டுக்காரரோ பக்கத்துத் தோட்டத்தாரிடம், “தண்ணி மட்டும் காட்டிருங்கண்ணா” என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு பழனிக்குப் போய்வந்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. நோய் ஒட்டும் என்பதால் கறிக்கோழிப் பண்ணையில் நாட்டுக்கோழி வைத்திருக்க நிறுவனங்கள் விடுவதில்லை. சேவல் கூவி எழுந்த வீட்டில் ஐயாயிரம் கோழிக்கு நடுவே ஒரு சேவல் சத்தம் இராது. விருந்து வந்தால் அடிக்க ஒரு கோழி வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும். கொட்டகையில் இருப்பது அவர்கள் கோழி அல்லவே. எப்போது ஏற்றுவது, என்ன தீவனம், அடுத்த குஞ்சு என்றைக்கு என்பதெல்லாம் எங்கோ முடிவாகி போனில் வரும். கூட்டிப் பார்த்தால் அவர்கள் முழு உரிமையோடு விற்பது நார்த்தூளோடு சேர்ந்த கோழி எருவை மட்டுமே. அதற்குத் தென்னந்தோப்பிலிருந்தும் மஞ்சள் காட்டிலிருந்தும் லாரி தேடி வருகிறது.

இதைப் படித்துவிட்டுக் கொறங்காட்டை மெச்சக் கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புல்லுக்கென்று ஏக்கர் ஏக்கராக விட இடம் வேண்டும். பாகம் பிரிந்து இரண்டு ஏக்கரோடு நிற்கும் குடும்பத்துக்கு அந்த வசதி ஏது? அரை ஏக்கரில் கொட்டகை போட்டு, பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள் இந்தத் திருப்பூர் மாவட்டத்தில் ஏராளம். வறட்சி வந்தாலும் கணக்கு மாறுகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது கொறங்காடு தீய்ந்தது, தட்டு விலை ஏறியது, மாட்டைக் கட்டிக்காக்க முடியாதவர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் காங்கயம் காளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு ஊரே நின்றதும் அதே வறட்சிக்குள்தான். அந்த மாதங்களில் பல்லடத்துப் பண்ணைக்குத் தீவன லாரி தவறாமல் வந்தது. மழையின் நட்டத்தை மாட்டு வீடு தானே சுமக்கிறது. கோழி வீட்டுக்கு மழைக் கவலை குறைவு, கூலிக் கவலை அதிகம். என்னைக் கேட்டால் இந்த வேற்றுமைதான் முக்கியம். நாட்டு இனம், சீமை இனம் என்ற சண்டை அதற்குப் பிறகுதான்.

பட்டிப் பொங்கலன்று சாணியில் தெப்பக்குளம் கட்டி மாட்டை மிதிக்க விடுவது காங்கயத்தில் இன்றும் நடக்கிறது. உடுமலைப் பக்கத்திலும் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குத் தைப்பொங்கலில் கறந்த பாலோடும் மண் உருவாரத்தோடும் கூட்டம் திரள்கிறது. வருபவர்களில் கோழிப்பண்ணைக்காரர்களும் உண்டு. அவர்கள் வைப்பதும் மாட்டு உருவாரமே. கறிக்கோழிக்கு உருவாரம் வைத்து நான் பார்த்ததில்லை.

கொறங்காட்டின் அந்த நிம்மதியும் இப்போது உடைந்து வருகிறது. சில ஆண்டுகளாகக் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பகுதிகளில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன. ஆட்டை உள்ளே நிறுத்தக் கட்டிய கிளுவை வேலி, நாயை வெளியே நிறுத்துவதில்லை. ஒரே இரவில் பத்து, இருபது ஆடு போன வீடுகள் இருக்கின்றன. சாலையோரத்தில் கொட்டப்படும் கோழிக்கழிவைத் தின்று பழகிய நாய்கள் என்பது விவசாயிகள் சொல்லும் காரணம். மேய்க்கவே ஆள் வேண்டாத காட்டில் டார்ச் லைட்டோடு கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியலும் செய்திருக்கிறார்கள்.

திருப்பூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் இரண்டு தரப்பும் வரிசையில் நிற்பதுண்டு. ஒருவர் கையில் கடிபட்ட ஆட்டுக்கு இழப்பீடு கேட்கும் மனு. இன்னொருவர் கையில் கிலோவுக்குத் தரும் வளர்ப்புக் கூலி கட்டுபடியாகவில்லை, உயர்த்தித் தரச் சொல்லுங்கள் என்ற மனு. ஆட்டுக்காரர் விடிய விடிய விழித்திருந்துவிட்டு வந்திருப்பார். கோழிக்காரர், குஞ்சு இறங்கிய வாரமாக இருந்தால், மனைவியைப் பண்ணையில் நிறுத்திவிட்டுத் தனியாக வந்திருப்பார்.