கில்கென்னிச் சட்டங்கள் (1366): தடைகளின் வழியே புலப்படும் உறவு

1366ஆம் ஆண்டு அயர்லாந்தின் கில்கென்னி நகரில் கூடிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள், ஆங்கிலேயக் குடியேறிகளையும் பூர்வ ஐரிஷ் மக்களையும் பிரித்த சுவராகவே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் அவை தடைசெய்தவற்றைக் கூர்ந்து நோக்கின், அக்காலத்தில் இரு சாராரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கான சான்றாகவும் அவற்றைக் கொள்ளலாம். வழக்கில் இல்லாததைத் தடுக்க யாரும் சட்டம் இயற்றுவதில்லை.

குடியேற்றம் 1169இல் தொடங்கியது. நாட்டை இழந்த லெய்ன்ஸ்டர் அரசன் டெர்மட் மக்மரோவே வேல்ஸ் பகுதியிலிருந்து படைத்துணை தேடினான். மறு ஆண்டு வந்திறங்கிய ஸ்ட்ராங்போ, அம்மன்னனின் மகள் ஈஃபாவை மணந்தான். குடியேற்றத்திற்கு அடித்தளமிட்ட இத்தகைய மணவுறவையே, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கில்கென்னிச் சட்டம் அரச துரோகமாக்கியது. பிள்ளைகளை ஐரிஷ் குடும்பங்களில் வளர்க்க விடுதல், ஞானப்பெற்றோர் உறவு, ஐரிஷ் மரபுச் சட்டப்படி வழக்குத் தீர்த்தல், சேணமின்றிக் குதிரையேறுதல், ஐரிஷ் பாணர்களை வரவேற்றல் ஆகியனவும் விலக்கப்பட்டன. ஆங்கிலேயர் தமக்குள் ஆங்கிலமே பேசவேண்டும் என்ற விதி எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு!

சட்டத்திற்கும் நடைமுறைக்கும் இருந்த தொலைவை அளக்க, டெஸ்மண்டின் மூன்றாம் பிரபு ஜெரால்டு ஒருவரே போதும். 1367இல் அரசப் பிரதிநிதியாகி, அச்சட்டங்களை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற இவர், ஐரிஷ் மொழியில் கவிதை புனைந்தவர். 1388இல் தம் மகன் ஜேம்ஸைத் தோமண்டின் ஓ'பிரையன் குடும்பத்தில் வளர்க்க அரச உரிமமே பெற்றார். தடையும் விலக்கும் ஒரே அரசிடமிருந்து வந்தன.

இவற்றைக் கொண்டு இணக்கமான கலப்புச் சமூகம் ஒன்றைக் கற்பனை செய்வது பிழையாகும். வீட்டில் கிட்டிய உறவு நீதிமன்றத்தில் கிட்டவில்லை. வழக்குத் தொடுத்தவர் ஐரிஷ்காரர் என்று காட்டிவிட்டால், எதிர்வாதி மறுமொழி கூறவேண்டியதில்லை. ஐரிஷ்காரரை ஆங்கிலேயர் கொல்வது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்கீழ்ப் பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை. ஐந்து அரச குடிகளும் தனி உரிமம் பெற்றோரும் மட்டுமே இதற்கு விலக்கு. 1317ஆம் ஆண்டளவில் டோனல் ஓ'நீல் போப் இருபத்திரண்டாம் யோவானுக்கு விடுத்த முறையீட்டின் மையக் குறை இதுவே. பிள்ளையை வளர்த்துத் தந்த குடும்பத்தார் கொல்லப்பட்டால் அவர்களுக்கு வழக்காடும் உரிமை இல்லை என்ற நிலையில், 'கலப்பு' என்னும் சொல்லை ஆய்வாளர் எச்சரிக்கையுடனேயே கையாளவேண்டும்.

1495இல் பாய்னிங்ஸ் கூட்டிய நாடாளுமன்றம் கில்கென்னிச் சட்டங்களை மீண்டும் உறுதிசெய்தபோது, ஐரிஷ் மொழியையும் சேணத்தையும் பற்றிய விதிகளை விட்டுவிட்டது. மணவுறவுத் தடை நீடித்தது.