எமி நோதரும் ஒரு குறிப்புக் கொப்பியும்

பத்தாம் ஆண்டில் என்னிடம் கணிதம் படித்த மாணவி ஒருத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்பை மேற்கொள்கிறாள். விடுமுறையில் ஊருக்கு வந்தவள் தன் குறிப்புக் கொப்பியை நீட்டி, “சேர், இதுவும் அட்சரகணிதம்தான். ஆனா இதுல கணக்கே இல்ல” என்றாள். பயிற்சிக் கலாசாலையோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ‘நோதர் வளையம்’ என்ற பெயர் மட்டும் மனதில் தங்கிற்று. அப்பெயருக்குரியவரைத் தேடி வாசித்ததன் பயனே இக்கட்டுரை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லே அல்ஜிப்ராவானதை நம் வாசகர் அறிவர். அதன்பின் ஆயிரம் ஆண்டுகளாக, தெரியாக் கணியத்தைக் காண்பதே அத்துறையின் முதன்மையான வேலையாக இருந்தது. 1832இல் இருபது வயதில் மரணித்த பிரான்சியரான கலுவா, சமன்பாட்டின் மூலங்களை இடம்மாற்றும் விதங்களை ஆராய்ந்தார். எச்சமன்பாடு தீரும், எது தீராது என்பதை அறிய அதிலே வழி கண்டார். விடைகளை விட்டு அமைப்புகளை நோக்கும் பார்வை அங்கே வலுப்பெற்றது.

அப்பார்வையைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் தலையாயவர் எமி நோதர். 1882இல் ஜேர்மனியின் ஏர்லாங்கனில் பிறந்தார். 1900இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஆயிரம் மாணவரிடையே பெண்கள் இருவரே. அவர்களும் விரிவுரையாளரின் அனுமதியோடு கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். 1907இல் கலாநிதிப் பட்டம் பெற்றும், ஏழாண்டுகளுக்கு மேல் சம்பளமின்றியே பணிபுரிந்தார். 1915இல் ஹில்பேட்டும் கிளைனும் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். பெண்ணுக்குக் கற்பிக்கும் உரிமை தர அங்குள்ளோர் பலர் இணங்கவில்லை. ஆகவே ஹில்பேட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட விரிவுரைகளை நோதர் நடத்தினார். 1919இலேதான் உரிமை கிடைத்தது.

அவரது புகழ்பெற்ற கட்டுரை 1921இல் வெளியாயிற்று. அதன் கருத்தை எங்கள் வகுப்பறைக் கணக்கிலேயே சொல்லலாம். 60இன் மடங்குகள் யாவும் 30இன் மடங்குகளுள் அடங்கும். அவை 15இனுடையவற்றுள், அவை 5இனுடையவற்றுள். இப்படி விரிந்து செல்லும் சங்கிலி எங்கேனும் நின்றாக வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல் உள்ள தொகுதியே வளையம். இத்தகைய சங்கிலிகள் நிற்கும் வளையம் ஒவ்வொன்றிலும், எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பதை ஒத்த பிரிப்பு உண்டென அவர் நிறுவினார். எண்களுக்கும் பல்லுறுப்பிகளுக்கும் தனித்தனியே நிறுவியதை ஒரே நிபந்தனையால் நிறுவிவிட்டார்.

1924இல் ஒல்லாந்திலிருந்து வந்த இளைஞர் வான் டெர் வேர்டன் அவரிடம் கற்றார். நோதரினதும் ஹம்பேர்க்கில் ஆர்டினினதும் விரிவுரைகளை ஆதாரமாகக் கொண்டு ‘நவீன அல்ஜிப்ரா’ என்ற நூலை 1930, 1931ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். பட்டப்பின் மாணவர் இன்று பயிலும் குலம், வளையம், புலம் என்ற ஒழுங்கு பெரிதும் அந்நூல்வழி பரவியதே. ஒரு மாணவன் கவனமாகக் கேட்டு எழுதியதன் பயன் அது.

1933இல் நாஜி அரசு யூதரான அவரைப் பதவிநீக்கியது. அவரோ மாணவரைத் தம் வீட்டுக்கு வரவழைத்துப் பாடத்தைத் தொடர்ந்தார். நாஜிப் படையின் பழுப்புச் சட்டையோடு வந்த மாணவனையும் விலக்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிரின் மோர் மகளிர் கல்லூரிக்குச் சென்றார். 1935 ஏப்ரல் 14ஆம் திகதி, சத்திரசிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 53.

இருபது வருடங்களாகக் கரும்பலகையில் x இன் பெறுமானத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிவருகிறேன். கண்டபின் என்ன என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மாணவி திரும்பிப் போகுமுன் அந்தக் கொப்பியைப் பிரதிசெய்து வைத்துக்கொண்டேன். இரவில் ஒவ்வொரு வரியாக வாசிக்கிறேன். விளங்காத இடங்களுக்குப் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். அவள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது கேட்க வேண்டும்.