கழனிக் குருவியும் கால்வளையமும்

கார்த்திகைத் தீபத்திற்காக அண்ணாமலையின் உச்சிக்குக் கொப்பரை ஏறும் நாள்களில், நகரைச் சூழ்ந்த கழனிகளுக்கு வேறொரு கூட்டம் முன்னரே வந்து சேர்ந்திருக்கும். அடியார் கூட்டத்தின் ஆரவாரம் அதற்கு இல்லை. வயல்வரப்பில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் மஞ்சள் வாலாட்டி, வேலமரக் கிளையில் அமர்ந்து கரகரக்கும் பழுப்புக் கீச்சான், வேலிப்புதருக்குள் உடலை மறைத்துக்கொண்டு ஒற்றைக் குரலால் மட்டுமே தன் இருப்பை அறிவிக்கும் நாணல் கதிர்க்குருவி ஆகியவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி, சித்திரையில் அகலும் இவை நடு ஆசியாவிலும் சைபீரியாவிலும் பிறந்தவை. நாணல் கதிர்க்குருவியின் எடை பத்துப் பன்னிரண்டு கிராமுக்கு மேற்படாது. அத்துணைச் சிற்றுடல் இமயத்தைக் கடந்தோ சுற்றியோ வந்து, ஒரு நிலக்கடலைக் காட்டின் வேலியோரத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறது.

பறவைக்கு மரியாதை செய்வதில் திருவண்ணாமலை பின்தங்கிய ஊர் அன்று. அருணகிரிநாதர் கிளி வடிவில் தங்கினார் என்னும் ஐதிகத்தால் கிளி கோபுரம் என்றே ஒரு கோபுரம் பெயர் பெற்றுள்ளது. இரமணாசிரமத்தில் ஒரு காக்கைக்குச் சமாதி உண்டு. 1947ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த வெள்ளை மயிலின் கதையை அடியார்கள் இன்றும் சொல்வர். ஆயினும் கழனியில் ஓடும் வாலாட்டிக்கு எந்தக் கோபுரமும் இல்லை; அது எத்தனை வந்தது, எத்தனை திரும்பியது என்பதற்கு ஒரு குறிப்பேடும் இருந்ததில்லை.

வலசை என்னும் செய்தி தமிழ்க் கவிக்குப் புதியதன்று. பிசிராந்தையார் புறநானூற்றுப் பாட்டில் அன்னச் சேவலை விளித்து, குமரித்துறையில் அயிரை மீனை அருந்தி வடமலைக்குத் திரும்பும் வழியில் சோழன் மாடத்தில் இறங்கிச் செல்லுமாறு வேண்டுகிறார். சத்திமுத்தப் புலவர், தென்திசைக் குமரியாடி வடதிசை மீளும் நாரையிடம் தம் வறுமையையும் மனைவியையும் பற்றிச் செய்தி சொல்லி அனுப்புகிறார். தெற்கே வந்த பறவை வடக்கே மீளும் என்பதை இவர்கள் ஐயமின்றி அறிந்திருந்தனர். ஐரோப்பாவிலோ, தகைவிலான் குளிர்காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் புதைந்து உறங்குகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டிலும் கற்றோர் சிலர் நம்பியிருந்தனர். இந்த ஒப்பீட்டைக் கொண்டு நாம் பெருமை பேசிக்கொள்வது எளிது. எனினும் அன்னமும் நாரையும் கண்ணுக்குத் தெரியும் பேருருவப் பறவைகள் என்பதை மறந்துவிடலாகாது. கதிர்க்குருவியைத் தூது விட்ட புலவர் எவருமிலர். சங்கப் பறவைகளை இனங்கண்டு விளக்கிய பி. எல். சாமி போன்றோரின் அரிய உழைப்புக்குப் பின்னரும், வேலியோரச் சிறுபறவைகள் பலவற்றுக்கு நம் பேச்சில் எஞ்சி நிற்பது 'குருவி' என்னும் ஒரே சொல்தான்.

ஒரு பறவையை அதன் இனத்திலிருந்து பிரித்துத் தனியோர் உயிராக அடையாளம் காணும் வழியைக் கண்டவர், டென்மார்க்கின் வைபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன். 1899ஆம் ஆண்டில் அவர் 165 மைனா இனப் பறவைகளின் கால்களில், எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய உலோக வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். எங்கேனும் அப்பறவை பிடிபட்டாலோ இறந்து கிடந்தாலோ, கண்டவர் எழுதும் ஓர் அஞ்சலட்டை அதன் பயணத்தைச் சொல்லிவிடும். புலவர் பறவையிடம் செய்தி கொடுத்தனுப்பினார். ஆசிரியர் பறவையையே செய்தியாக்கினார்.

இந்தியாவில் இப்பணி அரச மாளிகையில் தொடங்கியது. 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில், தார் சமஸ்தானத்து மன்னர் 1920களின் பிற்பகுதியில் நீர்வாத்துகளுக்கு வளையமிட ஏற்பாடு செய்தார். வேட்டையாடுவோர் விரும்பிய பறவை வாத்து. ஆகவே வளையமும் முதலில் வாத்தையே தேடிச் சென்றது. குருவிக்கு அது வந்து சேர்ந்த வழி விந்தையானது. 1957ஆம் ஆண்டில் மைசூர் மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த சிற்றூர் மக்களைக் காய்ச்சல் பற்றியது. உண்ணிகளால் பரவிய அந்நோயின் நுண்மம், ரஷ்யாவின் காடுகளில் அறியப்பட்டிருந்த ஒரு மூளைக்காய்ச்சல் நுண்மத்திற்கு உறவுடையது எனத் தெரியவந்தது. அப்படியானால் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளே உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்கும்பொருட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1959ஆம் ஆண்டில் சாலிம் அலியின் தலைமையில் பறவை வலசை ஆய்வு விரிவாகத் தொடங்கப்பெற்றது. குருவிகளின் மீது கொண்ட அன்பால் அன்றி, அவற்றின்மீது எழுந்த சந்தேகத்தால்தான் அவற்றின் கால்களில் வளையம் ஏறியது எனல் வேண்டும்.

1963 முதல் 1971 வரை அமெரிக்கப் படைத்துறையின் நிதியில் எலியட் மெக்ளூர் நடத்திய ஆசியப் பறவை ஆய்வும் இதனோடு இணைந்தது. ஆசிய நாடுகள் பலவற்றிலும் அந்த ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் வளையம் பெற்றன. அந்நிய நாட்டு நிதி பின்னர் அரசியல் கேள்வியானதும், 1975ஆம் ஆண்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கையில் பறவை ஆய்வும் இடம்பெற்றதும் தனியே எழுதத்தக்க வரலாறு.

தமிழ்நாட்டில் இப்பணியின் தலைமையிடம் கோடிக்கரை ஆயிற்று. கல்கியின் வாசகர்கள் பூங்குழலியின் படகை நினைத்துக்கொள்ளும் அந்தக் கடல்முனை, 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980 முதல் பம்பாய்க் கழகத்தின் வளையப்பணி அங்கே தொடர்ச்சி பெற்றது. வழிவழியாகப் பறவை பிடிப்பதைத் தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார் மக்கள் வலைத்தொழிலின் நுட்பங்களை ஆய்வாளருக்குக் கற்பித்தனர். பறவையைக் கொல்லாமலும் இறகு குலையாமலும் பிடிக்கும் கலை ஏட்டில் இல்லை, அவர்கள் விரல்களில் இருந்தது.

சிறுபறவைகளுக்கு ஜப்பானிலிருந்து வந்த மெல்லிய வலை பயன்பட்டது. விடியுமுன் புதர்களுக்கிடையே மூங்கில் நட்டு அதனைக் கட்டுவர். நிழலோடு நிழலாக அது மறைந்துவிடும். மோதிய குருவி வலையின் மடிப்பிலுள்ள பையில் விழும். அதனைத் துணிப்பையிலிட்டுக் கொண்டுவந்து, காலின் பருமனுக்கேற்ற அலுமினிய வளையத்தைத் தனிக் குறடு கொண்டு பொருத்துவர். பிறகு இறக்கையின் நீளம், எடை, இறகு உதிர்ந்து முளைக்கும் நிலை ஆகியவை பதிவாகும். கழுத்தடிக் குழியின் இறகை மெல்ல ஊதி விலக்கினால் தோலின் கீழுள்ள மஞ்சள் கொழுப்பு தெரியும். அதுவே பயணத்துக்கான கட்டுச்சோறு. புறப்படும் பருவத்தில் கொழுப்பு இல்லாத குருவி தொலைதூரம் போக இயலாது. சில நிமிடங்களில் இவ்வளவும் முடிந்து பறவை விடுபடும். வளையத்தில் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் குறிப்பும் இருக்கும்.

இவ்வளையங்கள் சொன்ன செய்திகளுள் முதன்மையானது தொலைவு. தூது சென்ற அன்னத்துக்கு இன்றைய உறவினராகக் கருதத்தக்க வரித்தலை வாத்து, மங்கோலியாவில் கழுத்துப்பட்டை பெற்றுக் கர்நாடகத்து ஏரிகளில் காணப்பட்டது. பிசிராந்தையாரின் வடமலை அவர் எண்ணியதினும் சற்றே தள்ளியிருந்தது. இரண்டாவது செய்தி அதனினும் வியப்புக்குரியது. குளிர்காலத்தைக் கழிக்க வரும் சிறுகுருவி, மனம்போன போக்கில் இறங்குவதில்லை. வாலாட்டிகளும் கதிர்க்குருவிகளும் சென்ற ஆண்டு இருந்த அதே தோட்டத்துக்கு, அதே வேலிக்குத் திரும்புவது வளையத்தின் எண்ணால் மெய்ப்பிக்கப்பட்டது. எனவே ஒரு வேலியை வெட்டினால் குருவி வேறிடம் போய்விடும் என்னும் சமாதானம் அவ்வளவு உறுதியானதன்று. வேறிடத்தில் வேறொரு குருவி தன் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் வளையத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வளையமிட்ட சிறுகுருவிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தொலைவிடத்தில் மீண்டும் கைக்குக் கிடைப்பதில்லை. ஓரிடத்தில் ஆண்டுதோறும் ஒரே முறையில் வலை கட்டினால்தான் பெருக்கமும் குறைவும் தெரியும். நம் நாட்டில் அத்தகைய தொடர்பணி பெரிதும் பரத்பூர், சில்கா, கோடிக்கரை எனப் புகழ்பெற்ற நீர்நிலைகளையும் கடற்கரையையும் சார்ந்தே நடந்தது. வானம் பார்த்த பூமியான திருவண்ணாமலையின் கடலைக்காடும் கேழ்வரகுக் கொல்லையும் அப்பணியின் எல்லைக்கு வெளியே நின்றன. எங்கும் காணப்படும் பறவையை எவர் எண்ணுவார் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இழப்பு நேர்ந்தபோது, முன்பு எத்தனை இருந்தன என்று சொல்லும் கணக்கு கழனிக்கு இல்லாமற் போனது.

கணக்கு இருந்த நாடுகளில் அது என்ன சொன்னது என்பதை நோக்கலாம். ஐரோப்பாவில் 1980க்கும் 2016க்கும் இடையே விளைநிலப் பறவைகள் ஏறத்தாழ 57 விழுக்காடு குறைந்தன. 2023ஆம் ஆண்டில் வெளியான விரிவான ஆய்வு, பூச்சிக்கொல்லியும் உரமும் மிகுந்த வேளாண்மையே இதற்குத் தலையாய காரணம் எனக் கண்டது. வட அமெரிக்கா 1970க்குப் பின் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்ததாக 2019ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த கனடிய ஆய்வொன்றில், பயிருக்கு இடும் இமிடாகுளோபிரிட் என்னும் மருந்தைச் சிறிதளவே உண்ட வலசைக் குருவிகள் ஆறு மணி நேரத்தில் எடையில் 6 விழுக்காட்டை இழந்து, பயணத்தில் மூன்றரை நாள் பின்தங்கின. மேலே சொன்ன கட்டுச்சோறு கரைந்துபோகும் விதம் இது. நம் நெல்வயலிலும் பருத்திக்காட்டிலும் அம்மருந்து தெரியாத உழவர் இலர். ஆசியாவிலேயே கொடிய எடுத்துக்காட்டு, குளிர்காலத்தில் நெல்வயல்களில் அடையும் மஞ்சள்மார்புக் குருவி. சீனத்தில் உணவுக்காக வலைவீசிப் பிடிக்கப்பட்ட இவ்வினம், 1980க்கும் 2013க்கும் இடையே பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அழிந்து, 2017ஆம் ஆண்டில் அற்றுப்போகும் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஒரே வகை வலைதான். ஒரு கை வளையமிட்டு விட்டது, மறு கை விலைக்கு விற்றது.

இந்தியாவுக்கான கணக்கு வலையிலிருந்து வரவில்லை; ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலரின் குறிப்புகளிலிருந்து வந்தது. 2023ஆம் ஆண்டின் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நெடுங்காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்துள்ளன என்கிறது. புல்வெளி, தரிசு, விளைநிலம் முதலிய திறந்தவெளிகளையே நம்பி வாழ்பவையும் பூச்சியுண்பவையும் நெடுந்தொலைவு வலசை வருபவையும் கூடுதலாக இழந்தன. உலக அளவில் நிலையை மறுஆய்வு செய்யுமாறு அவ்வறிக்கை பரிந்துரைத்த 14 இனங்களுள், நம் புன்செய்க் கம்பிகளில் நீலச்சிறகோடு அமரும் பனங்காடையும் ஒன்று.

கவிஞர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றும் அதே அறிக்கையில் உள்ளது. மயில் பெருகியுள்ளது, குயில் 75 விழுக்காடு பெருகியுள்ளது. நம் பாட்டில் நெடுங்காலமாக அமர்ந்திருக்கும் இரண்டும் நலமாக உள்ளன. பாட்டைக் கொண்டு பறவையின் நிலையை அளக்க முற்படுபவர் ஏமாந்து போவார் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. 1971ஆம் ஆண்டில் கோவையில் தோன்றிய கவிதை இதழும் இயக்கமும் 'வானம்பாடி' என்று பெயர் சூட்டிக்கொண்டன. அப்பெயர் இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்டது. பெயரைக் கொடுத்த பறவையோ திறந்த புன்செய் நிலத்தில், மண்மேல், மாட்டின் குளம்படி அளவான பள்ளத்தில் கூடு கட்டுவது. டிராக்டர் உழவுக்கும் மனைப்பிரிவுக்கும் முதலில் இடங்கொடுப்பது அந்நிலமே.

தமிழகத்துப் புன்செய் நிலங்களில் நேர்ந்தவை திருவண்ணாமலைக்கும் பொதுவானவை. சாமையும் வரகும் கொள்ளும் சுருங்கின. உதிர்மணி கிடந்த அறுவடைக்காடு இயந்திரத்தின்பின் வெறுந்தரையானது. களையை மருந்தே எரிப்பதால் களைவிதையும் அதில் வாழும் புழுவும் இல்லை. உயிர்வேலி இருந்த இடத்தில் கல்தூணும் கம்பியும் நிற்கின்றன. கிரிவலப்பாதையை ஒட்டிய கழனிகள் மனைகளாயின. 1980களின் இறுதியிலிருந்து மலைச்சரிவில் மரம் நட்டவர்களின் பணி போற்றுதற்குரியது. ஆனால் மரம் நட்டு வானம்பாடியை வரவழைக்க இயலாது. அதற்கு வேண்டுவது மரமில்லாத, மருந்தில்லாத, சற்றே சோம்பிக் கிடக்கும் நிலம். 'தரிசு' என்று ஆவணங்கள் இகழ்ந்து எழுதும் நிலம்.

கழனிக்கென ஒரு கணக்கு மிகப் பிந்தியே தொடங்கிற்று. 2015ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. வலையும் வளையமும் அதற்கு வேண்டா; ஏரிக்கரையிலோ வரப்பிலோ வீட்டு மாடியிலோ குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் எழுதினால் போதும். தை மாதம் வாலாட்டியும் கீச்சானும் கதிர்க்குருவியும் கழனியில் இருக்க வேண்டிய மாதம். பட்டியல் முழுமையானதாக இருப்பின், அதில் எழுதப்படாத பெயரும் செய்தியாகிறது: அந்த வரப்பில் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வாலாட்டி இல்லை என்பது, ஊரும் நாளும் குறிக்கப்பட்டுப் பதிவாகிறது.