ஓதம் ஏறிய சுவர்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டில் மராமத்து நடந்தது. வேடிக்கை பார்க்கப் போனேன். சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக் கொத்தனார் துடைப்பத்தால் தட்டிவிட்டு, "ஐயா, சிமென்ட்டைக் கெட்டியா பூசிட்டா சரியாயிடும்" என்றார். "வேண்டாம் தம்பி" என்றேன். பென்ஷன்காரருக்கு வேறு வேலையில்லை என்பது போலப் பார்த்தார்.

தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை நம் பெரியவர்கள் ஓதம் என்பார்கள். அது பூக்க வைக்கும் உப்புக்கு நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'சால்பேத்ர்' என்று பெயர். கல்லின் உப்பு என்று அர்த்தம். வெடியுப்புக்கும் அதே சொல்தான். துப்பாக்கி மருந்தில் முக்கால் பங்கு அந்த உப்பு. பிரான்சில் ராஜாவின் ஆட்கள் நிலவறை, குதிரை லாயம் எல்லாம் நுழைந்து சுவரையும் மண்ணையும் சுரண்டி எடுத்துப் போவார்கள். வீட்டுக்காரர் தடுக்க முடியாது.

நல்ல வெடியுப்பு பீகாரிலிருந்து கப்பலேறியது. 1757-இல் சந்திரநாகூர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று, 1761 ஜனவரியில் நம் புதுச்சேரியும் விழுந்தது. பீகார் உப்பு முழுக்க ஆங்கிலேயர் வசமானது. 1775-இல் வெடிமருந்து நிர்வாகத்தைச் சீர்படுத்த லவுவாசியேவை நியமித்தார்கள், வேதியியலில் படித்தோமே, அதே மனிதர்தான். புரட்சி வந்து, 1793 டிசம்பரில் குடிமக்கள் அவரவர் நிலவறை மண்ணை அலசி உப்பெடுத்துத் தரவேண்டும் என்று அரசே கேட்டது. நமக்குத் தொல்லையாக இருப்பது அவர்களுக்குப் பீரங்கியானது.

1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு எழுந்த வீடுகளின் வழிவந்ததுதான் எங்கள் வீடும். திண்ணை, முற்றம், சன்னமான செங்கல், சுண்ணாம்புக் காரை. கடலோர மண், தோண்டினால் சீக்கிரம் தண்ணீர். ஈரம் ஏறத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு வழியே அது வெளியேறி ஆவியாகிவிடும். உப்பு மேல்பூச்சிலேயே பூத்து அதை உதிர்க்கும். அப்பா உதிர்ந்த இடத்தை மட்டும் கடுக்காய்த் தண்ணீர் கலந்த காரையால் பூசச் சொல்வார், பொங்கலுக்கு வெள்ளையடிப்பார். எனக்கு அது ஏழைத்தனமாகத் தெரிந்தது.

1984-இல் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே என்று பி.எஃப். கடன் போட்டு, கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினேன். "சுவர் மூச்சு விடணும்டா" என்றார் அப்பா. மெல்லிய கண்ணாடிக் குழாயில் மைத்தண்ணீர் தானே ஏறுவதைப் பள்ளியில் முசியே செய்து காட்டியதைப் பார்த்தவன் நான். செங்கல்லின் நுண்துளைகளும் அப்படித்தான் நீரை இழுக்கும் என்று அன்று தோன்றவில்லை.

கல்யாணம் அழகாக நடந்தது. வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட்டுக்குப் பின்னாலேயே மேலே ஏறியது. அந்தச் சுவரில் ஐந்தடி உயரத்தில் ஒரு மர அலமாரி. எனக்குத் தெரிந்து எப்போதும் உலர்ந்தே இருந்ததால் யாரும் அடிக்கடி திறப்பதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போன பெரியப்பா எழுதிய கடிதங்கள் அதில்தான் இருந்தன. மூன்று மழைக்காலம் கழித்துத் திறந்தபோது ஒரே கட்டியாக ஒட்டிப் பூஞ்சை பிடித்திருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்பா போன பிறகுதான் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தேன். ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட்டு, உப்பை உலர்ந்தபடியே தூரிகையால் தட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மறுபடி உள்ளே போய்விடும். முற்றத்து மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாட்டம் சரிசெய்து, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். பிளாஸ்டிக் பெயின்ட் கிட்டேயே வரக்கூடாது. சில வருஷத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் உதிர்கிறது, பூசுகிறேன். புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. அஸ்திவாரத்துக்கு மேல் நீர் ஏறாத கான்கிரீட் அடுக்கு ஒன்றை மறக்காமல் போடச் சொன்னால் போதும்.

இவ்வளவையும் அந்தக் கொத்தனாரிடம் சொன்னேன். மறுநாள் வந்து, "ஐயா, சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறணும்?" என்று கேட்டார்.

கடிதக் கட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. மேல் உறையில் சைகோன் முத்திரை மட்டும் படிக்க முடிகிறது.