புல்லட் புஷ்ராடும் ஒரு சொட்டு மையும்



ராஜாக்களுக்கும் போர்களுக்கும் மட்டுமல்ல, எஞ்சினுக்கும் வரலாறு உண்டு. அது தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் கைக்காசுதான் போகும். பழைய புல்லட்டை வாங்கி, "ஸ்பீடு ஏற்றுகிறேன் சார்" என்று ஹெட்டைக் கழற்றும் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்களிலும் உண்டு. முக்கியமாக அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். புல்லட் 350-ன் எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 346 சி.சி. வரும்.

அந்த எஞ்சினில் கேம் கீழே, வால்வு மேலே. கேம் டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் புஷ்ராடைத் தூக்கும், புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும், மறுமுனை வால்வை அமுக்கும். நம் ஊர்க் கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 2500 தடவை திறந்து மூடும். அதாவது நொடிக்கு நாற்பதுக்கும் மேல்.

இதில் ஒரு சிக்கல். வால்வு நேர்கோட்டில் இறங்குகிறது. ராக்கரின் முனையோ வட்டவில்லில் இறங்குகிறது. அதனால் முனை வால்வுத் தண்டின் தலையில் கொஞ்சம் வழுக்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு வழுக்கும்? ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். ராக்கர் கை 35 மி.மீ., வால்வு திறப்பு 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதித் திறப்பில் ராக்கர் கை வால்வுக்குச் செங்குத்தாக நின்றால், வழுக்கல் ஏறக்குறைய 0.23 மி.மீ. வால்வு மூடியிருக்கும்போதே செங்குத்தாக நின்றால் 0.93 மி.மீ. நான்கு மடங்கு! பிதாகரஸ் தேற்றம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

வழுக்கல் கூடினால் வால்வுத் தண்டு பக்கவாட்டில் தள்ளப்படும். கைடு தேயும், ஆயில் உள்ளே இறங்கும், நீலப்புகை வரும். சாதாரண ஓட்டத்தில் இது தெரிய நாளாகும். வேகத்துக்கென்று உயரமான கேமும் கடினமான ஸ்பிரிங்கும் போட்ட எஞ்சினில் சீக்கிரமே தெரிந்துவிடும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும், 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகும் இந்த விதி மாறவில்லை.

இனி முக்கியமான சேதிக்கு வருகிறேன். அதே 1955-ல் அமெரிக்காவில் செவர்லே நிறுவனம் எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. அதுவும் புஷ்ராடு எஞ்சின்தான். ஆனால் அதில் ராக்கர் ஒரு தனி ஸ்டட்டில், நட்டின் பிடியில் நிற்கும். புஷ்ராடின் நீளத்தை மாற்றினால் ராக்கரின் அச்சே ஏறி இறங்கும். ஆகவே, "வழுக்கல் சரியில்லையா, புஷ்ராடு நீளத்தை மாற்று" என்று அமெரிக்க வீடியோக்களில் சொல்வது அவர்கள் எஞ்சினுக்குச் சரியான வைத்தியம்.

நம் புல்லட்டில் ராக்கர் அச்சு ஹெட்டின் மேல் ஒரு கட்டையில் அசையாமல் இறுகியிருக்கிறது. புஷ்ராடின் அடியில் உள்ள அட்ஜஸ்டரைத் திருகினால் டேப்பெட் இடைவெளிதான் மாறும், அச்சின் உயரம் மாறாது. இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள்தான், ஆனால் உடல்வாகு வேறு. ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுக்கலாமா?

ஆகவே புல்லட்டில் சோதிக்கும் முறையை வரிசையாகத் தருகிறேன்:

1. எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் டி.டி.சி.யில் நிறுத்துங்கள். புஷ்ராடு விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

2. புஷ்ராடைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது.

3. வால்வுத் தண்டின் தலையில் மார்க்கர் மை ஒரு சொட்டு தடவி, எல்லாவற்றையும் பூட்டி, கையால் மெதுவாக எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பிரித்துப் பாருங்கள். மை அழிந்த தடம் நடுவில் மெல்லிய கோடாக இருந்தால் நலம். அகலமாகவோ ஓரத்திலோ இருந்தால் கோணம் பிசகியிருக்கிறது.

4. வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பாருங்கள்.

காரணத்தையும் பிரித்தறியுங்கள். ஹெட்டை லேத்தில் சீவினால் ராக்கரும் வால்வும் சேர்ந்தே இறங்கும். அவற்றுக்கு இடையிலான கோணம் மாறாது, புஷ்ராடுதான் நீளமாகிப்போகும். அட்ஜஸ்டர் போதாவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். அதற்குக் குட்டையான புஷ்ராடு வேண்டும். வால்வு சீட்டைப் பலமுறை வெட்டியிருந்தாலோ, உயரமான கேம் போட்டிருந்தாலோதான் கோணம் கெடும். சீட்டு வெட்டித் தண்டு மேலேறியிருந்தால், ராக்கர் கட்டைக்கு அடியில் அளவான தகடு வைத்து அச்சை உயர்த்தி, பிறகு புஷ்ராடைச் சரிசெய்ய வேண்டும்.

2009-ல் வந்த கிளாசிக்கில் ஹைட்ராலிக் டேப்பெட் இடைவெளியைத் தானே பார்த்துக்கொண்டது. 2020-ல் மீட்டியார் 350-உடன் கேம் ஹெட்டுக்கே ஏறியது. 2023-ல் புல்லட்டிலும் புஷ்ராடு இல்லாமல் போனது. இனி பழகுகிற பிள்ளைகள் புஷ்ராடை உருட்டிப் பார்க்க வாய்ப்பு குறைவு. ஆனால் நம் வீடுகளில் அப்பா, தாத்தா ஓட்டிய பழைய புல்லட்டுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்றும் அறிவு, வயதான மெக்கானிக்குகளின் விரல் நுனியில்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது ஏறவில்லை.

அப்படி ஒருவர் உங்கள் பக்கம் இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுதியதைக் கீழே பதிவிடுங்கள், எல்லோரும் படிப்போம்.

எல்லோரும் நலமாக இருங்கள். வண்டியில் ஏறும்போது ஹெல்மெட் போடுங்கள்.