பழைய ஆங்கிலமும் நம்ம ஊர்த் தறியும்

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தேடிப் போனால் அவை என்னைத் துணிக்கே இழுத்து வந்துவிடுகின்றன. வரலாறு படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு உதவுமே என்று சிலவற்றை எழுதுகிறேன்.

'ஃபாக்டரி' என்றதும் இன்று நமக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்தான் ஞாபகம் வரும். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆரம்ப கால ஃபாக்டரியில் எந்திரம் ஏது? 'ஃபாக்டர்' என்றால் வியாபார முகவர். அவர் தங்கிக்கொண்டு சரக்கு வாங்கி அடுக்கிவைத்த இடம் ஃபாக்டரி, அவ்வளவுதான். நெய்தது எல்லாம் ஊர்களில், வீட்டுத் தறிகளில். 1639-ல் பிரான்சிஸ் டே சென்னையைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணமே இங்கே துணி மலிவு என்பதுதான்.

'ரைட்டர்' எழுத்தாளர் அல்ல, கம்பெனியின் கடைநிலைக் குமாஸ்தா. 1744-ல் சென்னையில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவ் அப்படி ஒரு ரைட்டர்தான். (நம்ம போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரிடம் அந்தப் பொருள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது!) 'லாங்கிளாத்' என்ற பெயர் நீளத்தால் வந்தது, ஒரு பீஸ் சுமார் 37 கஜம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் 'இன்வெஸ்ட்மென்ட்'. முதலீடு என்று படித்தால் கம்பெனி ஏதோ இங்கே பணம் போட்டு ஊரை வளர்த்த மாதிரி தோன்றும். அந்த ஆவணங்களில் அதற்குப் பொருள், கப்பலில் ஏற்றி அனுப்ப வாங்கும் சரக்கு. பெரும்பகுதி துணி. வியாபாரிகள் மூலம் நெசவாளருக்கு முன்பணம் போகும். வாங்கியவர் சொன்ன தேதிக்குத் துணி கொடுக்கணும். மழை பெய்து பாவு போட முடியாமல் போனாலும், நூல் விலை ஏறினாலும் கடன் அவர் தலையில். கடன் தீரும்வரை வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது. கம்பெனிக் கணக்கில் இன்வெஸ்ட்மென்ட். தறிக்காரர் வீட்டில் அதற்குப் பெயர் கடன். முன்பணம் வாங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இந்த மாதிரிச் சொல் கண்ணில் பட்டால் இன்றைய அகராதியோடு நிற்காதீர்கள். 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டுங்கள். தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். 1882-லேயே இறந்துவிட்டார், யூல்தான் முடித்தார். காசு, கறி, கட்டுமரம் எல்லாம் ஆங்கிலச் சொல்லாகி அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன.