நாள் எண்ணும் சந்தை

கருவுற்றிருப்பதைப் பேச்சுத் தமிழ் நேராகச் சொல்வது குறைவு. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறது, ‘நாள் தள்ளிப் போயிருக்கிறது’ என்கிறது. தமிழ் கற்பிக்கிறவள் என்ற முறையில், இந்தச் சுற்றிவளைப்பை வெறும் கூச்சம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைப் பெண் கொஞ்சமேனும் தன் கையில் வைத்துக்கொள்ள இந்த மொழி இடம் தந்திருக்கிறது. அதே வீட்டில் அவளுடைய நாட்களை மற்றவர்கள் எண்ணிக்கொண்டும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். மாமியார் எண்ணினார், பக்கத்து வீடு எண்ணியது. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த வரிசையில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவர் பொருள் விற்கிறவர்.

பெண்ணைக் குறிவைத்து விற்பது இணையத்தோடு தொடங்கியதல்ல. 1933இல் அமெரிக்காவில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஆக்ஸிடால் சலவைத்தூளை விற்பதற்காக ‘மா பெர்கின்ஸ்’ என்ற வானொலித் தொடருக்குப் பணம் கொடுத்தது. பகலில் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களே இலக்கு. சோப்புக் கம்பெனிகள் நடத்திய கதைகள் என்பதால்தான் ‘சோப் ஓபரா’ என்ற பெயரே வந்தது. ஆனால் அந்த நிறுவனம் அறிந்தது ‘இல்லத்தரசிகள்’ என்ற கூட்டத்தை மட்டுமே. கேட்டுக்கொண்டிருப்பவள் கர்ப்பிணியா, குழந்தையைப் பறிகொடுத்தவளா என்பது அதற்குத் தெரியாது.

இந்த நிலை 1994இல் மாறத் தொடங்கியது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மோன்டுலி ‘குக்கி’யை உருவாக்கினார். ஒரு தளம் நம் கணினியில் வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்பு அது. திரும்பப் போகும்போது நம்மை அடையாளம் கண்டு, கூடையில் போட்ட பொருளை நினைவில் வைத்திருப்பதே நோக்கம். ஒரு தளம் வைத்த குறிப்பை மற்றொரு தளம் படிக்க முடியாது. ஆனால், பக்கத்தில் தெரியும் விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. அந்த நிறுவனமும் தன் குக்கியை வைக்கலாம். அதன் விளம்பரங்கள் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரம் இடங்களிலும் அதே பெண்ணைப் பின்தொடரலாம். 1996இல் தொடங்கிய டபுள்கிளிக் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தது. அதை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக கூகுள் 2007இல் அறிவித்தது.

இந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை 2012 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் சார்லஸ் டுஹிக் எழுதிய கட்டுரை காட்டியது. டார்கெட் என்ற பெருங்கடை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் கொடுத்து, அவர் வாங்குவதையெல்லாம் அந்த எண்ணின் கீழ்ச் சேர்த்துவந்தது. ஆண்ட்ரூ போல் என்ற புள்ளியியலாளர் சுமார் 25 பொருட்களைக் கண்டெடுத்தார். மணமில்லாத லோஷன், கால்சியம், மெக்னீசியம், துத்தநாக மாத்திரைகள் போன்றவை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்பதையும், பேறுகாலம் ஏறத்தாழ எப்போது என்பதையும் கணிக்கலாம். குழந்தை பிறக்கும் காலத்தில்தான் குடும்பத்தின் பழைய வாங்கும் பழக்கங்கள் குலைகின்றன. அப்போது பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அவள் நம் கடைக்கு வருவாள் என்பது வணிகக் கணக்கு. தாங்கள் கவனிக்கப்படுவது தெரிந்தால் பெண்கள் சங்கடப்படுவார்கள் என்பதையும் நிறுவனம் உணர்ந்தது. அதற்காகக் கணிப்பதை நிறுத்திவிடவில்லை. குழந்தை டயப்பர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் புல்வெட்டும் எந்திரத்தையும் அச்சிட்டு, எல்லாம் தற்செயல்போலத் தெரியும்படி செய்தது.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு பெண் தப்ப முடியுமா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜேனட் வெர்டேசி தன் கர்ப்பகாலம் முழுவதும் அதை முயன்று பார்த்து, 2014இல் ஒரு கருத்தரங்கில் விவரித்தார். குழந்தை வளர்ப்புத் தளங்களை அடையாளம் மறைக்கும் ‘டோர்’ உலாவி வழியாகவே பார்த்தார். ரொக்கமாகப் பணம் கொடுத்தார். சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம் என்று உறவினர்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். அதையும் மீறி ஃபேஸ்புக்கின் தனிச்செய்தியில் வாழ்த்தி எழுதிய மாமா ஒருவரை நட்புப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று. குழந்தைத் தள்ளுவண்டி வாங்குவதற்காக அவருடைய கணவர் 500 டாலருக்கு அமேசான் பரிசு அட்டைகளை ரொக்கத்தில் வாங்கப் போனார். மிகுதியான பரிவர்த்தனைகளை அதிகாரிகளிடம் தெரிவிக்கும் கடமை உண்டு என்று கடையில் அறிவிப்பு இருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமான இடம் இதுதான். தன் உடல் பற்றிப் பேசாமலிருக்க விரும்பிய ஒரு தாய், குற்றவாளிபோல நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த கட்டத்தில் நிறுவனங்கள் ஊகிக்கவும் தேவையில்லாமல் போயிற்று. மாதவிடாய் நாட்களைக் குறித்துக்கொள்ளும் செயலிகளில் பெண்களே தங்கள் நாட்களை எழுதினார்கள். பத்து கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய ‘ஃப்ளோ’ செயலி, அந்தரங்கம் காக்கப்படும் என்று சொல்லிவிட்டு ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குத் தகவல் அனுப்பியதாக 2021 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. செயலியின் நிரலில் இருந்த சிறு கருவிகள், பயனர் ‘கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்தார்’ என்ற பெயரிலேயே செய்தி அனுப்பின. தவறை ஒப்புக்கொள்ளாமல் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. இனி அனுமதி பெற்றே பகிர வேண்டும் என்று ஆணை வந்தது, அபராதம் இல்லை. பயனர்கள் தொடுத்த வழக்கிலோ, 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் குழு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பொருந்திய சட்டம் எது தெரியுமா? கலிஃபோர்னியாவின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டம். பெண்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டதை மூன்றாமவர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார் என்று சட்டமே சொன்னது.

நம் கைப்பேசிகளிலும் இதே வகைச் செயலிகள் இருக்கின்றன. நம் சட்டம் என்ன சொல்கிறது? 2011இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நிலை, மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றைக் கூடுதல் காவல் வேண்டிய நுண்ணிய தகவல் என்று தனியாக வகைப்படுத்தின. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித் தனி வகை இல்லை. மின்னஞ்சல் முகவரியும் மாதவிடாய்த் தேதியும் அதன் கண்ணில் ஒரே வகைத் தரவு.

செயலிகளை நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தன் உடலின் கணக்கைத் தானே வைத்துக்கொள்வது பெண்ணுக்கு வேண்டிய அறிவு, பாட்டிகள் சுவரில் கரிக்கோடு போட்டுக் காத்த அறிவு. மாமியாரிடம் ‘இன்னும் நாள் ஆகவில்லை’ என்று ஒரு பெண் பொய் சொல்ல முடிந்தது. கைப்பேசியிடமும் அந்த உரிமை நமக்கு வேண்டும். அதைத் தனித்தனியாக ஒளிந்து பெற முடியாது என்பதை வெர்டேசியின் அனுபவம் சொல்லிவிட்டது. நம் நாட்கள் தனிக் காவல் வேண்டியவை என்று சட்டத்தில் பெயரிட்டு எழுதச் செய்வதே இனி நாம் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.